அறுபத்தேழு நாள்

மூயி ரிவர் டோலிலிருந்து ம்தோகோசிசி அழைக்கிறான்.
வான் ரீனன் கணவாயில் பனி. லாரிகள் நிற்கின்றன.
டீசல் கார்டு வேலை செய்யவில்லை என்கிறான்.
கார்டு வேலை செய்கிறது, ம்தோகோசிசி.
அதற்குள் பணம்தான் இல்லை.

கிளேர்வுட்டில், யார்டின் மூலையில்
கன்டெய்னரில் ஜன்னல் வெட்டிய என் அலுவலகம்.
மேசைமேல் பதினொரு பில்.
காகித ஆலைக்கு ஏழு, புதிய சோபா கம்பெனிக்கு நான்கு.
கூட்டிப் பார்த்தால் நான் பணக்காரி.
வெள்ளிக்கிழமை சம்பளம் என்று நினைத்துப் பார்த்தால்
பதினொரு காகிதம்.

ஆலை ஏமாற்றாது. பதினான்கு வருடமாகப் பார்க்கிறேன்.
முப்பது நாள் என்று எழுதும்,
அறுபத்தேழாம் நாள் கொடுக்கும்.
கடிகாரம்போல் தாமதம்.

பில்லை விற்கலாம் என்றேன்.
பூபாலன் கிரீஸ் கையைத் துடைக்காமலே வந்து நின்றான்.
"இன்றைக்குப் பில். நாளைக்கு ஸ்டியரிங்கா, அக்கா?"
தம்பி, ஓடி முடித்த ஓட்டத்தைத்தான் விற்கிறேன்.
அவன் பதில் பேசவில்லை.
ஸ்பானரைத் தேடுகிறவன்போல் வெளியே போனான்.

இரண்டு பேர் விலை சொன்னார்கள்.

உம்ஷ்லாங்கா கம்பெனி: கண்ணாடிக் கட்டடம், தடித்த தாள்.
நூறுக்கு எண்பத்தைந்து கையில்.
முப்பது நாளுக்கு இரண்டு கழிவு,
முப்பத்தோராம் நாள் பிறந்தால் அதுவும் முழு மாதம்.
ஆலை கொடுக்காவிட்டால் திருப்பித் தர வேண்டியது நான்.
அனைத்து வாடிக்கையாளர்களும், இரண்டு வருடம்.

ஜேக்கப்ஸில் டயர் கடைக்கு மேல் மாடியில் இன்னொருவர்.
எழுபத்தைந்துதான் தருவார்.
நாள் கணக்கில் கழிவு; அறுபத்தேழு நாளுக்கு
ஏழு ரேண்டு, சில்லறை.
வேண்டிய பில்லை மட்டும் கொடுக்கலாம்.
ஆலை மூழ்கினால் நஷ்டம் அவருடையது.
மூழ்கினால் மட்டும்.
"ஒரு பேலட் நனைந்துவிட்டது, கொடுக்க மாட்டோம்" என்றால்?
அது உங்களுக்குள் பேசிக்கொள்ளுங்கள், மேடம்.

இரவு பென்சிலோடு உட்கார்ந்தேன்.
உம்ஷ்லாங்காவில் மூன்று மாதக் கழிவு, ஆறு.
ஒரு ரேண்டுக்குச் சற்று மேல் வித்தியாசம்.
அது ஒரு போர்வையின் விலை.
ஆலை திவாலாகும் இரவில் போர்த்திக்கொள்ள.
அந்த இரவுக்கு நான் பயப்படவில்லை.
நனைந்த பேலட்டுக்குப் பயப்படுகிறேன்.
அதற்கு இருவரிடமும் போர்வை இல்லை.

சோபா கம்பெனி வேறு கதை.
அதன் முதலாளி கையெழுத்துப் போடும்போது
பேனா தாளைத் தொடுவதேயில்லை.
அவன் பில்லை உம்ஷ்லாங்காவிடம் விற்றால்
அவன் கடனை என் முதுகில் நானே கட்டிக்கொள்வதுதான்.

காலையில் உம்ஷ்லாங்காவுக்குப் போனேன்.
நொபுஹ்லே என்ற பெண். காபி கொடுத்தாள்.
நான்காம் பக்கத்தில் 'அனைத்து' என்ற சொல்லைக் காட்டினேன்.
இதை அடியுங்கள், ஆலையின் பெயரை எழுதுங்கள்.
தலைமை அலுவலகம் ஒத்துக்கொள்ளாது என்றாள்.
கேளுங்கள், காத்திருக்கிறேன்.
காத்திருப்பதுதானே என் தொழில்.

மூன்று மணி நேரம். இரண்டாவது காபி ஆறிவிட்டது.
சொல் அடிபட்டது.
இரண்டு வருடம் ஒன்றாகவில்லை; பதினெட்டு மாதமானது.
ஒவ்வோர் அடித்தல் பக்கத்திலும் சிறு கையெழுத்து,
அவளுடையது, என்னுடையது.

வியாழக்கிழமை ஆலையிலிருந்து டியோன் அழைத்தான்.
கணக்குப் பிரிவு. குரலைத் தாழ்த்திக்கொண்டு.
"மிஸஸ் மூட்லி, இனி பணத்தை வேறு கணக்குக்குக் கட்டச் சொல்லி
கடிதம் வந்திருக்கிறது. ஏதாவது கஷ்டமா?"
காது சூடாகியது. உண்மைதான்.
பதினான்கு வருட மரியாதை ஒரு கடிதத்தில் கூச்சப்படும்.
"கஷ்டம் இல்லை, டியோன்.
உங்களுக்காகக் காத்திருக்க
ஓர் ஆளை வைத்திருக்கிறேன்.
சம்பளம் கொஞ்சம் அதிகம்."
அவன் சிரித்தானா என்று தெரியவில்லை.

வெள்ளி, பதினொன்றரை மணி. எண்பத்தைந்து பங்கு வந்தது.
மாலைக்குள் சம்பளம், டயர் தவணை, டோல், டீசல்.
மீதம் பார்க்கவில்லை.

சோபா பில் நான்கும் அதே மேசையில்,
பேப்பர் வெயிட்டுக்குப் பதில்
பழுதான இன்ஜெக்டருக்குக் கீழே.

ம்தோகோசிசி ஹாரிஸ்மித்திலிருந்து அழைத்தான்.
பனி கரைந்துவிட்டதாம்.
டெலிவரி நோட்டை நனையாமல் வை என்றேன்.
சட்டைக்குள் வைத்திருக்கிறேன் என்றான்.